லிட்டர் சாரின் முதுகுப் பை

தில்லியில் வீடு தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிச் செருப்புத் தேய்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரு பைக்காக ஒன்றரை வருடம் அலைந்து, தலைநகரத்துப் பை வியாபாரிகள் அத்தனை பேரையும் கதிகலங்க அடித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் லிட்டர் சார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் நான் குமாஸ்தாவாக இருந்த பிரிவுக்கு அவர்தான் செக்‌ஷன் ஆபீசர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தில்லிக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் அந்தப் பேச்சு ஒரு துளிகூட மாறவில்லை. முதுகுப் பைகளின் கொள்ளளவை லிட்டரில்தான் சொல்வார்கள்; பை தேடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் லிட்டரில் அளந்தார், அதனால் அந்தப் பெயர். எங்கள் அண்டர் செக்ரட்டரியின் தொப்பையைக் கதவிடுக்கு வழியாக ஒருநாள் உற்றுப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு லிட்டர் இருக்கும்வே, சைடு பாக்கெட் தனி" என்று என் காதில் சொன்னார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடினேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு டாக்டர். சாருக்கு ஐம்பத்திரண்டு வயதில் ரத்தம் சோதித்துப் பார்த்த அவர், சர்க்கரை வாசற்படி வரை வந்துவிட்டது, உடம்பை அசைத்தால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டார். லிட்டர் சார் எதையும் அரைகுறையாகச் செய்பவரல்ல. கோல் மார்க்கெட் குடியிருப்பிலிருந்து அலுவலகத்துக்கு வாரத்தில் மூன்று நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டம் என்று அன்றே முடிவு செய்துவிட்டார். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், பெல்ட், துண்டு, சீப்பு, விபூதிப் பொட்டலம், சாப்பாட்டு டப்பா, தனியாக ரச டப்பா, இத்தனையும் எதில் போகும் என்பதுதான் கஷ்டம்.

"சொல்லுதேன் கேளும். ஓடும்போது பை முதுகோட ஒட்டணும், இல்லைன்னா குதிக்கும். சைக்கிள்ல போகும்போது முதுகை விட்டு வெலகணும், இல்லைன்னா வேர்க்கும். ஒரே பை ஒட்டவும் ஒட்டணும், வெலகவும் வெலகணும். எங்க இருக்கு அப்படி ஒரு பை?"

"ரெண்டு பை வாங்கிடுங்களேன் சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ரெண்டு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னதுபோல் பார்த்தார்.

அவர் பை தேடிய அதே ஒன்றரை வருடமும் நான் சென்னைக்கு மாற்றல் தேடிக்கொண்டிருந்தேன். மனைவிக்கு அங்கே பள்ளிக்கூட வேலை, விட்டுவிட்டு வர முடியாது. மகள் பிறந்த இருபதாம் நாள் பார்த்துவிட்டு வந்தவன் நான். அதற்குப் பிறகு முனிர்காவில் ஒற்றை அறையில் உட்கார்ந்து அவளை போனில்தான் பார்த்தேன். அப்பா எங்கே என்று கேட்டால் குழந்தை செல்போனைக் காட்டுகிறதாம். மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள், பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

என் விண்ணப்பத்தை நான்கு முறை பரிந்துரைத்து மேலே அனுப்பியவர் லிட்டர் சார். நான்காவது முறை கையெழுத்துப் போடும்போது பேனாவை நிறுத்தினார். "நீரு போயிட்டா நான் யாருட்டவே தமிழ்ல ஏசுவேன்? இந்தியில ஏசினா எனக்கு ஏசின மாதிரியே இல்ல" என்றார். பிறகு கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

முதல் பை கரோல்பாக்கில் வாங்கியது, நாற்பது லிட்டர். அதற்குள் டப்பாக்கள் இரண்டும் தாராளமாகக் குடித்தனம் நடத்தின. அவர் ஓட ஓட எவர்சில்வர் டங் டங் என்று முதுகெலும்பில் அடித்தது. மந்திர் மார்க்கில் அந்தச் சத்தத்தோடு அவர் ஓடி வந்தபோது, எதிரே வந்த ஒரு பஞ்சாபிப் பெரியவர் பூஜை மணி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிக் கைகூப்பினார். லிட்டர் சாரும் மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஓடினார். அன்றைக்கே பை கடைக்குத் திரும்பிப் போய்விட்டது.

அடுத்தடுத்து வந்த பைகளுக்கு அவர் 'ரசப் பரீட்சை' வைத்தார். டப்பாவில் கழுத்துவரை ரசம் ஊற்றி, பைக்குள் வெள்ளைக் கைக்குட்டை விரித்து, அலுவலகம் வரை ஓடிவந்து கைக்குட்டையைப் பிரித்துப் பார்ப்பார். ஆறாவது பையில் கைக்குட்டை தப்பித்தது, சட்டை மாட்டிக்கொண்டது. மாற்றுச் சட்டை வேறு கிடையாது. அந்தக் கோலத்திலேயே டைரக்டர் கூட்டிய கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். ஏ.சி. அறை முழுக்கச் சீரகமும் மிளகும் பெருங்காயமும் கமகமவென்று பரவின. பேசிக்கொண்டிருந்த டைரக்டர் மூக்கை இரண்டு முறை இழுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "பூக் லக் ரஹீ ஹை பாய்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு பதினொன்றே முக்காலுக்கே சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் மெமோ கிடைக்காமல் போனதற்கு அந்த ரசமே காரணம் என்பது இன்றுவரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைக்காரர்கள் படாத பாடு பட்டார்கள். தூரத்தில் அவர் தலையைக் கண்டதும் ஒருவர் பாதி ஷட்டரை இறக்கியே விட்டார். இன்னொருவர் பையைக் காட்டி, "சாப், இதை வாங்க வந்தீர்களா, இதோடு சம்பந்தம் பேச வந்தீர்களா?" என்று இந்தியில் கேட்டார். லிட்டர் சார் அசரவில்லை. கடைக்குள்ளேயே பையை மாட்டிக்கொண்டு இருபது தடவை குதித்தார். பிறகு கடைக்காரரையும் மாட்டச் சொல்லிக் குதிக்கவைத்தார்.

ஒருமுறை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். நடுக்கூடத்தில் பதினோரு பைகள். அவர் மனைவி மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப பத்து நிமிசம்தான் உக்காந்திருந்தாவ. கேசரியக்கூட முழுசாத் தின்னல, சரின்னுட்டுப் போயிட்டாவ. இந்தச் சவத்துப் பைக்கு ஒண்ணரை வருசம்!" லிட்டர் சார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பொண்ணு முதுகுல ஏறாதுல்லா" என்று முணுமுணுத்தார். அதற்கு மேல் அங்கே மோர் கிடைக்கவில்லை.

இதெல்லாம் வீட்டோடு, கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பையில் எடை வைத்துப் பார்க்க அவருக்குத் தினமும் சாமான் வேண்டியிருந்தது. கோப்புகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட பிறகு, பழைய காகிதக் கட்டுகள் பீரோவில் சும்மா கிடந்தன. "இதுக்காவது உபயோகமாகட்டும்" என்று அவற்றைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். எந்தக் காலத்திலோ நாற்காலி வாங்கியதைப் பற்றிய கோப்பு ஒன்று உண்டு. அது இருந்த இடத்தை விட்டு நகர ஆசைப்பட்டதோ என்னவோ, அவர் தயவில் தில்லி முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டது. மாலையில் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்துவிடுவார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும்தான்.

ஒருவழியாக எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மறுநாள் மாலைக்குள் இங்கிருந்து விடுவிக்கப்பட வேண்டும், தவறினால் சென்னை இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். விடுவிப்பதற்குமுன் என் சர்வீஸ் புக்கைச் சரிபார்த்து அண்டர் செக்ரட்டரி கையெழுத்துப் போட வேண்டும். அரசாங்க ஊழியனின் நியமனம் முதல் ஓய்வு வரை அத்தனையும் ஏறும் தடிப் புத்தகம் அது, ஒரே ஒரு பிரதிதான். அண்டர் செக்ரட்டரியோ மூன்று வாரப் பயிற்சிக்காகப் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு விமான நிலையம் கிளம்புகிறார். அவருக்காகச் சூரியன் காத்திருந்தாலும் இருக்கும், அவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்.

மறுநாள் காலை பத்து மணி. லிட்டர் சார் மேசையில் முந்தின நாள் மாலை நான் வைத்துவிட்டுப் போன சர்வீஸ் புக்கைக் காணோம். மேசை, பீரோ, குப்பைக்கூடை எல்லாம் பார்த்தாயிற்று. புதிதாக வந்த பதினெட்டு லிட்டர் பையை நெடுந்தூரம் ஓடிச் சோதிக்க அவர் அரை நாள் லீவு போட்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உடனே போன் போட்டேன்.

"சார், என் சர்வீஸ் புக்கைப் பாத்தீங்களா?"

"அது எதுக்கு நான் பாக்கேன்? நேத்து எடை கொஞ்சம் கொறைஞ்சுது. மேசையில கெடந்த ஒரு தடிப் புஸ்தகத்தை எடுத்துப் போட்டேன். பொறும்..." ஜிப்பு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பக்கம் புரளும் சத்தம்.

"சார்?"

"வே... உம்ம போட்டோல்லா ஒட்டியிருக்கு!"

"எங்க சார் இருக்கீங்க?"

"முனிர்காவே. உம்ம ரூமுக்குப் பின்னாலதான் நிக்கேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சார் என்றும் பாராமல் வாய்க்கு வந்தபடி கத்தினேன். குழந்தை, மனைவி, ஒன்றரை வருடம் என்று என்னென்னவோ சொன்னேன். "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வருவதற்கு அவரிடம் காசு இல்லை. எடை என்று பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுத்தான் ஓடுவார். போனும் இருப்பதிலேயே லேசான பட்டன் போன், அதில் பணம் கட்ட முடியாது. மெட்ரோவுக்கு வழியில்லை. ஒரு ஆட்டோக்காரரைக் கெஞ்சி, போய்ச் சேர்ந்ததும் தருகிறேன் என்று ஏறியிருக்கிறார். பாதி வழியில் யாரோ வெளிநாட்டுத் தலைவருக்காகச் சாலையை அடைத்துவிட்டார்கள். பதினொன்று இருபதுக்கு மறுபடி போன் வந்தது. "வண்டி நவுராதுவே. ஓடுதேன். அந்த மனுசனை எப்படியாவது பிடிச்சு வையும்."

பிடித்து வைப்பதாவது! பயிற்சி எப்படி சார், அங்கே குளிருமா சார், கம்பளி எடுத்துக்கொண்டீர்களா சார் என்று அண்டர் செக்ரட்டரியின் பின்னாலேயே சுற்றினேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், சொல்லிக்கொண்டே நடந்தார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது படியிறங்கி வாசலுக்கே வந்துவிட்டார். டிரைவர் கார்க் கதவைத் திறந்தார். என் சென்னை என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

அப்போது வாசல் வழியாக, அரை டிராயரும் பனியனுமாக, முகம் செக்கச்செவேலென்று, லிட்டர் சார் வந்தார். காவலாளி யாரென்று தெரியாமல் மறித்தார். அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். காருக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை, முதுகைத் திருப்பிக் காட்டினார். பையைப் பார்த்தேன். மொத்தம் ஒன்பது ஜிப்பு!

"எந்த ஜிப்பு சார்?"

"முது... முதுகு..."

முதுகை ஒட்டியிருந்த அறையில் துண்டில் பொதிந்து கிடந்தது புத்தகம். அண்டர் செக்ரட்டரி சுற்றும் முற்றும் மேசை தேடினார். லிட்டர் சார் சொல்லாமலே குனிந்தார். குனிந்த அந்த முதுகில், அந்தப் பையின் மேல், என் சர்வீஸ் புக்கை விரித்து வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் அண்டர் செக்ரட்டரி. மூச்சு வாங்கியதில் மேசை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆடக் கூடாதாம், "ஹிலோ மத்!" என்று அதட்டினார். மேசை மூச்சை அடக்கிக்கொண்டது.

கார் போன பிறகு லிட்டர் சார் நடைபாதையில் சரிந்து உட்கார்ந்தார். பையில் அந்தத் துண்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

"சாப்பாட்டு டப்பா எங்க சார்?"

"ஆட்டோக்காரன்ட்ட குடுத்துட்டேன். ரசம் உம்ம புஸ்தகத்துல கொட்டிட்டா என்ன செய்ய?" தண்ணீரைக் குடித்தார். பிறகு கண் பளபளக்க என் கையைப் பிடித்தார். "வே, பை ஒரு இஞ்சுகூட ஆடலவே! கவனிச்சீரா?"

காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நல்லா ஏசினீருவே. தமிழ்ல கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார். அவர் பக்கத்தில், அந்த நடைபாதையிலேயே, வெட்கமில்லாமல் அழுதேன்.

சென்னையில் சேர்ந்த அன்று, அங்கிருந்த கிளார்க் அம்மா என் சர்வீஸ் புக்கைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார். மை கலைந்து, காகிதம் அலையலையாக உப்பியிருந்தது.

"மழையில நனைஞ்சுட்டதா சார்? வேணும்னா இந்தப் பக்கத்தை மட்டும் புதுசா எழுதி ஒட்டிடலாம்."

"வேண்டாம்மா" என்றேன். "அது எங்க சாரோட வேர்வை. அப்படியே இருக்கட்டும்."