கடையில் வாங்கிய பேனா

இனி கடைசல் இயந்திரத்தின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சென்ற ஆண்டு என் மனைவியிடம் சத்தியம் செய்தேன். காரணம் உண்டு. பழைய செல்லுலாய்டு பஞ்சைவிட வேகமாகத் தீப்பிடிக்கும். நான் பேனா கடைந்த லட்சணத்தில் சீவல் பற்றிக்கொண்டு, வீட்டுத் திரைச்சீலையும் என் புருவத்தில் பாதியும் போயின. மறுநாளே இயந்திரத்தை விற்றுவிட்டாள். என்னையும் விற்றிருப்பாள், கேட்டு யாரும் வரவில்லை.

ஆனால் ஒரே ஒரு செல்லுலாய்டு கோல் மிஞ்சியிருந்தது. நான் பிறக்கும் முன் வார்த்தது. அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்காது. நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு, எட்டு நாள் அடுத்த தெருத் தச்சரின் பட்டறைக்குப் போனேன். அவரிடம் ஒரு கடைசல் இயந்திரம் உண்டு.

வெளியே பார்க்க அது அழுக்குக் குச்சி. உளி பட்டதும் மேல்தோல் சுருள் சுருளாக விலகிக் கற்பூரம் மணத்தது. உள்ளே தேன் நிறம். அதற்குள் கறுப்பு வரிகள், திருப்பத் திருப்ப, ஒன்றன் அடியில் ஒன்றாக ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. தச்சர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

சூடேறினால் வளைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஆறவிட்டேன். கடைசி நாள் முள்ளைப் பொருத்தி, மை நிரப்பி, மூடியைத் திருகினேன். வரியோடு வரி சேர்ந்து, எங்கே பிரியும் என்றே தெரியவில்லை. இதை நானா செய்தேன் என்று என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டைப்பையில் அவள் கண் பட்டது.

“ஏதுங்க இந்தப் பேனா?”

“கடையில வாங்கினேன்.”

வாங்கி, மூடியைத் திறந்து, தன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். என்னை மறந்து நானும் பார்த்தேன்.

“நீங்க செஞ்சதோன்னு நெனச்சேன்.”

“நானா? சத்தியம் பண்ணியிருக்கேனே.”

“அப்ப சரி. உங்க கையால செஞ்சதா இருந்தா, எடுத்துக்க எனக்கு மனசு வருமா? கடைப் பேனாதானே.”

பேனா அவள் கைப்பைக்குள் போய்விட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் சத்தியத்தை மீறியது, பொய் சொன்னது இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் என் காதோர முடியிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். தேன் நிறத்தில் ஒரு சுருள்.

“அந்தக் கடைக்காரருக்கு அருமையான கைங்க. வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் தலையைத் தட்டிட்டு வரச் சொல்லுங்க.”