பூரான் ஓடிய மணலில் நானும் ஓடினேன்

நான் ஒரு முட்டாள். இதை நானே முதலில் சொல்லிவிட்டால் என் மனைவி வீட்டாருக்குப் பாதி வேலை மிச்சம்.

அப்போது செங்கல்பட்டில் ஒரு டியூஷன் சென்டரில் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். திருப்போரூரில் ரேவதியைப் பெண் பார்த்தாயிற்று. "ஒரு வாட்டி பேசிப் பாருங்க, அப்பால பதில் சொல்றோம்" என்றார்கள். அதற்குத்தான் மாமல்லபுரம் கடற்கரை. துணைக்கு அவள் அண்ணன் ஏழுமலையும் அவர் மகள் யாழினியும். சித்திரை மாதத்து உச்சி வெயில். சவுக்கு நிழலில் உட்கார்ந்தோம்.

பேச வந்த வேலையை விட்டுவிட்டு, யாழினியின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தேன். புயல் வேகத்தில் ஓடும் ஒரு பூரானின் கார்ட்டூன், பெயர் 'புயல் பூரான்'.

"அங்கிள், இதெல்லாம் நெஜமாவே நடக்குமா?"

ரேவதி நிமிர்ந்து பார்த்தாள். அது போதாதா? நீதிபதியாகிவிட்டேன். தண்ணீர்மேல் ஓடுவது: தள்ளுபடி. ரயிலை முந்திச் சட்டென்று திரும்புவது: கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போய்விடும், தள்ளுபடி. பாலைவனத்தைக் கால் சுடாமல் கடப்பதை மட்டும் அனுமதித்தேன்.

"இது நடக்கும். வேகமா ஓடினா பாதம் தரையில படுற நேரம் கம்மி. சூடு ஏறாது. தீமிதியில பாக்கறோமே."

ஏழுமலை எதிரே கிடந்த மணலைப் பார்த்தார். "இன்னா சார், வாயாலயே ஓடிகினு கீறீங்க?"

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன்.

மணல் காலை உள்ளே இழுத்தது. இழுத்த காலைப் பிடுங்குவதற்குள் வேகமும் போயிற்று, விஞ்ஞானமும் போயிற்று. பூரானுக்குச் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்ள அத்தனை கால்கள். எனக்கு இரண்டு. பாதி வழியில் (தமிழ் எழுத்துக்களில் அடங்காத) ஒரு சத்தம் போட்டபடி அலைக்குள் போய் விழுந்தேன்.

சுகமாக இருந்தது. திரும்பிப் பார்க்கும்வரை.

செருப்பு சவுக்கு மரத்தடியில் இருந்தது. நடுவே அதே மணல். என் கணக்கில் போவது மட்டும்தான் இருந்தது, வருவது இல்லை.

முழங்கால் தண்ணீரில் நின்று, கடலை ரசிப்பதுபோல் இடுப்பில் கைவைத்துக்கொண்டேன். சுண்டல் விற்பவர்கூட நின்று வேடிக்கை பார்த்தார்.

"அங்கிள், பூரான் திரும்பி வந்துடும்" என்று கத்தினாள் யாழினி.

கடைசியில் ரேவதிதான் என் செருப்பை இரண்டு விரலில் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். "இந்தாங்க" என்றாள். அவ்வளவுதான் நாங்கள் பேசிப் பார்த்தது.

சம்பந்தம் முறிந்தது என்று முடிவுகட்டி, வீட்டில் பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஏழுமலை போன் செய்தார்.

"மாப்ள, காலு எப்டி கீது?"

மதியம்வரை 'சார்' என்று கூப்பிட்டவர்.

இன்றும் அந்த வீட்டு விசேஷம் எதுவானாலும், வாசலில் என் தலை தெரிந்ததும் உள்ளேயிருந்து அவர் குரல் வரும்: "மாப்ள செருப்ப பத்திரமா எடுத்து வைங்க, மனுசன் திரும்பி வரணும்."

போன வாரம் ரேவதியிடம் கேட்டே விட்டேன். "கடற்கரையே சிரிச்சுதே, அதுக்கப்புறமும் எதைப் பாத்து சரின்னு சொன்ன?"

"உங்களால எங்கயும் ஓடிப் போவ முடியாதுன்னு தெரிஞ்சிது."