காலருக்குள் போன தீர்ப்பு

பெருமதிப்புக்குரிய மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டிய தையல்காரன் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம், வீட்டைத் தவிர. அங்கு நீயும், உன் வீட்டுக்காரியும், உன் தொப்பையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை தைத்து அனுப்பினேனே, "மாமா, காலர் என்னமா நிக்குது!" என்று போனில் புகழ்ந்தாயே, அந்தக் காலருக்குள் இருப்பது விறைப்புக்கு வைக்கிற கான்வாஸ் துணி இல்லை. கோர்ட் தீர்ப்பின் கடைசிப் பக்கம்.

சிரிக்காமல் படி. மெஷின் வாங்க வீட்டை வைத்து பேங்கில் கடன் எடுத்தது உனக்குத் தெரியும். தவணை நின்று, பேங்க் வழக்குப் போட்டு, வீட்டை ஏலம் விடலாம் என்று ஜட்ஜ் எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பு கைக்கு வந்த அன்று பார்த்து கடையில் கான்வாஸ் தீர்ந்துவிட்டது, உன் சட்டையோ அன்றைக்கே கூரியரில் போக வேண்டும், எதிரே கிடந்தது இந்தக் கெட்டித் தாள், இவ்வளவு நல்ல தாளில் கெட்ட சேதியை எழுதி வீணாக்கியிருக்கிறார்களே என்று காலர் அளவுக்கு வெட்டி உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். அப்பீலுக்கு முப்பது நாள் கெடு என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. ஆனால் மச்சான், நான் இருபத்தாறு வருஷமாக டெலிவரி தேதி சொல்கிறவன். நான் வெள்ளிக்கிழமை என்றால் எந்த மாசத்து வெள்ளி என்று கேட்டுவிட்டுத்தான் துணியையே கொடுப்பார்கள். கோர்ட்டிலும் ரெண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்பார்கள், மூணாவது தடவை போய்க்கலாம் என்று இருந்துவிட்டேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

வக்கீலம்மாவிடம் போனேன். "கெடு முடிஞ்சு பத்தொன்பது நாள் ஆச்சுங்க. ஒவ்வொரு நாளும் ஏன் வரலைன்னு கோர்ட்டுக்குச் சொல்லணும்" என்றார்.

"அன்னன்னைக்கு யார் துணி தைச்சேன்னு நோட்டுல இருக்கும்மா."

"அது காரணம் இல்லங்க, வியாபாரம். தீர்ப்போட கடைசிப் பக்கம் எங்க?"

சொன்னேன். பேனாவை மூடிவிட்டு என்னையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் காலர் இன்னும் இருக்கா?"

"என் தையலும்மா. பத்து வருஷம் நிக்கும்."

"அப்ப பொழைச்சீங்க. தவறுதலா உள்ள போயிடுச்சு, தேடிக்கிட்டு இருந்தோம்னு ஜட்ஜ் முன்னாடியே பிரிச்சுக் காட்டுவோம். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடுறேன். ஆனா அந்த டெலிவரி கதைய மட்டும் அங்க எடுக்காதீங்க. ஜட்ஜோட கோட்டு எந்தத் தையல்காரர்கிட்ட மாட்டியிருக்கோ!"

உன் அக்கா என்னோடு பேசி மூன்று நாளாகிறது. கடைசியாகச் சொன்னது, "இருந்த ஒரு வீட்டையும் எடுத்து என் தம்பி கழுத்துல மாட்டிட்டீங்களே!" நேற்று ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைத்து மறுபடி மாட்டினாள். ஏலம் எடுக்க வருகிறவர்கள் நம்மை அழுக்குப் பிடித்தவர்கள் என்று பேசக்கூடாதாம், மகளிடம் சொன்னாள். அதற்கு மட்டும் எனக்கு ஒரு கேலியும் வாயில் வரவில்லை, மச்சான்.

ஆகையால் வரும் வெள்ளிக்கிழமை, நிஜமான வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு அந்தச் சட்டையோடு கோர்ட்டுக்கு வந்து சேர். துவைத்துவிடாதே. நாறினாலும் பரவாயில்லை, துவைத்தால் வீடு கரைந்துவிடும்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நன்றாக வளரட்டும், வளர்ந்ததும் அளவு எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பெண்ணை இன்று வரைக்கும் சொந்த வீட்டில் வைத்திருக்கும்
மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, கல்லூரி விட்டு வந்த நம் பெரியவள் ஒரு சேதி சொன்னாள். சட்டை உனக்கு வயிற்றில் பற்றவில்லையாம், அந்த வாரமே திருப்பி அனுப்பிவிட்டாயாம், அப்பாவிடம் சொன்னால் மனசு நோகும் என்று நீ சொன்னதால் அவள் அதை என் அலமாரியில் வைத்துவிட்டாளாம். அதே துணியில் எனக்கும் ஒன்று தைத்திருந்ததால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நீ வெள்ளிக்கிழமை வேறு சட்டையில் வா. இதை எழுதும்போது நான் போட்டிருப்பது அந்தச் சட்டைதான். ஆறு தடவை துவைத்தாகிவிட்டது. காலர் நன்றாக வளைகிறது.