டிராக்டருக்கு டைரக்ட் கொடுத்தேன்

ரிப்பேர் என்றால் பயப்படாத பொம்பளையை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. சந்தேகமிருந்தால் என் மகன் செந்திலைக் கேளுங்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கோபிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மோட்டார் ஓடாவிட்டால், ஆளைத் தேடி யாரும் போனதில்லை. ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணினால் ஒரு துண்டு வயரை வைத்து 'டைரக்ட்' கொடுத்துவிடுவேன். இடையில் இருக்கும் சுவிட்சையெல்லாம் தாண்டி நேராகக் கரண்ட்டைப் பாய்ச்சுவதற்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு டிராக்டரையும் நானே ஓட்டினேன். (பொம்பளை ஓட்டறாளேன்னு வாயைப் பொளந்தவங்கதான், சேத்துல வண்டி சிக்குனா என்னைக் கூப்பிட வருவாங்க.) இந்தத் திமிரோடுதான் டெக்சாஸில் வந்து இறங்கினேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் செந்தில் அங்கே ஆலன் என்கிற ஊரில் குடியிருந்தான். சிப்புக்குள் புரோகிராம் எழுதுகிற உத்தியோகம். அது எப்போது போகுமோ என்ற பயம் வந்ததும், வடக்கே ஒரு மணி நேரம் தள்ளி நிலம் பிடித்து ஆடு வளர்த்தான். ("இது போனா அது சோறு போடும்மா.") புது டிராக்டர். ஏசி வைத்த கூண்டு, ஸ்டியரிங் பக்கத்தில் குட்டி டிவி.

அந்த வருஷம் புல் ஒரு அறுப்புக்குத்தான் தேறியது. அறுத்துக் காய்ந்து கிடந்தது. இருட்டினால் மழை என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் டிராக்டரில் மெஷினை மாட்டி உருட்டிக் கட்டியாக வேண்டும். நனைந்தால் பூஞ்சை. ஆடுகளெல்லாம் சினை. குளிர்காலம் முழுக்க அதுகளுக்கு அந்தப் புல்லை விட்டால் கதியில்லை.

செந்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆபீசிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். அவன் இறங்கி வேலியோரம் போய் "யெஸ், யெஸ்" என்று நின்றான். மேலே வானம் கறுக்கிறது, இவன் யெஸ் சொல்லி முடித்தபாடில்லை. புடவையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன்.

கொஞ்ச தூரம் ராஜாத்தி மாதிரி போனேன். பொட்டென்று நின்றது. திரும்பக் கிளப்பினேன், நகர்ந்தது, நின்றது. நான் விடுவேனா? கடைசியில் டிவியில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. அதற்கப்புறம் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை.

செந்தில் ஓடி வந்தான். டிராக்டர் கம்பெனி ஆட்களுக்குப் போன் பண்ணினான். முகம் செத்துப்போயிற்று.

"லாக் ஆயிருச்சாம். அவங்க ஆள் லேப்டாப்போட வந்து ரிலீஸ் பண்ணணுமாம். வியாழக்கிழமைதான் வருவாங்களாம்."

"நீயே கம்ப்யூட்டர்காரன்தானே? தொறடா."

"அந்த சாஃப்ட்வேர் அவங்ககிட்ட மட்டும்தாம்மா. வெளிய யாருக்கும் தர மாட்டாங்க."

"வண்டி யாருது?"

"நம்மளுதுதான்."

"பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு ரூம் சாவிய மாமனார் இடுப்புல சொருகிக்கிட்ட கதையால்ல இருக்குது!"

அவன் சிரிக்கவில்லை. "பக்கத்துத் தோட்டத்துக் கிழவர்கிட்ட பழைய டிராக்டர் இருக்கு. கேட்டுட்டு வர்றேன். எதையும் தொடாதம்மா, ப்ளீஸ்."

போனான். (தொடாதேன்னு சொல்லிட்டுப் போனதுதான் அவன் பண்ணுன தப்பு.)

கம்ப்யூட்டர் எதைப் பூட்டினால் என்ன? அதைக் கேட்காமல் டைரக்ட் கொடுத்துவிட்டால்? டூல்ஸ் பெட்டியில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கூண்டுக்கடியில் குனிந்து, ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு முனையையும் அதால் சேர்த்தேன். எங்கள் ஊர் வண்டியென்றால் அந்நேரம் உறுமியிருக்கும். இது பளீரென்று பொறிதான் விட்டது. பொறி கீழே விழுந்தது. கீழே கிடந்தது, வருஷம் பூராவும் காத்திருந்து காயவைத்த புல்.

முந்தானையால் அடித்தேன், காலால் மிதித்தேன், செந்தில் பேரைச் சொல்லிக் கத்தினேன். காற்று என் பக்கம் இல்லை. செந்தில் பக்கத்துத் தோட்டத்துக் கிழவரோடு அந்தப் பழைய டிராக்டரில் வந்தபோது, கட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. தீயணைப்பு வண்டி வந்து டிராக்டரைக் காப்பாற்றியது. அதற்கப்புறம், சொன்னபடியே மழையும் வந்தது.

வியாழக்கிழமை லேப்டாப்போடு அந்த ஆளும் சொன்னபடியே வந்தான். வயரை மாட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான். செந்தில் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வண்டியில கோளாறே இல்லையாம். ஓட்டற ஆள் சீட்ல இல்லாமலே வண்டி ஓடுச்சான்னு கேக்கறார்."

"நான்தான் உட்கார்ந்திருந்தேனே!"

என் கால் கட்டை. கிளட்ச் எட்டாமல் சீட்டு நுனிக்கு நகர்ந்து நகர்ந்து மிதித்திருக்கிறேன். சீட்டுக்கடியில், ஆள் முழுசாக உட்கார்ந்தால் அமுங்குகிற ஒரு சுவிட்ச் இருக்கிறதாம். அதன் கணக்கில் அங்கே யாருமே இல்லை. ஆளில்லாமல் ஓடுகிறது என்று பயந்துபோய் வண்டி தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. ஒரு ஊரே வாயைப் பிளந்து பார்த்த பொம்பளையை, அந்தச் சீட்டு ஆளாகவே மதிக்கவில்லை.

அவன் ஒரு பட்டனைத் தட்டினான். டிராக்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

குளிருக்கு முன்னால் ஆடுகளை ஏலத்துக்கு ஏற்றினார்கள். வயிறும் பிள்ளையுமாக ஒவ்வொன்றாக லாரியில் ஏறியதை நான் நின்று பார்த்தேன். செந்தில் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தை பிறந்ததும் அந்த ஆபீஸ் வேலையும் போயிற்று.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் சாப்பாட்டு மேஜையில் நான் வந்து உட்கார்ந்தால், மருமகள் கவிதா சோற்றுக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பாள்:

"அத்தை, சீட்ல ஆள் இருக்கீங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். செந்திலும்தான், மற்றவர்களுக்குக் கொஞ்சம் பிந்தி. நானும் சிரித்துக்கொண்டே, நாற்காலியில் முதுகு முட்ட நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.