மாமல்லபுரத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
12.03.1984

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய நீக்கிலாப்பிள்ளை மாமா அவர்கட்கு,

மருமகன் கனிசியஸ் எழுதுவது. அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே மெட்ராஸில் தங்கள் வயிற்றையும் மாமியையும் மாதா காப்பாராக. மரியாதை இவ்வளவும் போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

“மாமல்லபுரத்திலை என்னடா செய்து துலைச்சாய்? கிறகோரியின்ரை மனுசி என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறாவில்லை. என்ன நடந்தது எண்டு கேட்டால் சொல்ல வாய் கூசுதாம்” என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு சொல் சொன்னேன். அதை விளங்கப்படுத்தத்தான் இந்தக் கடிதம். விளங்கியபின் இந்தச் சம்பந்தத்தைக் கைவிட்டுவிடுங்கள். எனக்குக் களைத்துப்போய்விட்டது.

முதல் பிழை உங்களுடையது. பெண் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தால் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருப்போம். மாமல்லபுரம் பார்க்கப் போன இடத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கட்டும் என்று திட்டம் போட்டது நீங்கள். திட்டம் போட்டவர் அன்று விடிய வயிற்றோட்டம் என்று படுத்துவிட்டீர்கள். மெட்ராஸ் தமிழுக்கும் எங்கடை தமிழுக்கும் நடுவில் நிற்க ஆளில்லாமல் நானும் அம்மாவும் தனியே பஸ் ஏறினோம், அந்த பஸ் கோவளம் தாண்டியதும் இருமி இருமி நின்றுவிட்டது, டிறைவர் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி பார்த்தபடி நிற்கிறார், எனக்குப் பொறுக்கவில்லை. டீசல் குழாயில் காற்றுப் பிடித்தால் ஒரு புரியாணியைக் கழற்றிக் காற்றை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. எடுத்தேன். காற்று வந்தது, பிறகு டீசலும் வந்தது, முழுவதும் நான் போட்டிருந்த வெள்ளைச் சேட்டில். பஸ் ஓடியது. பெண் வீட்டார் கடைசிவரை காற்று அடிக்கும் பக்கமாகவே நின்றதற்குக் காரணம் அதுதான்.

அம்மா வேறு, சைவக் கோயிலுக்குள் போகலாமோ என்று புறப்படுமுன் எங்கடை தேவாலயப் பங்குச் சுவாமியிடம் கேட்டிருக்கிறார். பூசை நடக்காத கோயில் என்றால் பாதகமில்லை என்றாராம். ஆகவே ஒவ்வொரு குகை வாசலிலும் காவலாளியை நிறுத்தி “இஞ்சை பூசை நடக்குதோ, நடக்கேல்லையோ, வடிவாச் சொல்லும்” என்று விசாரித்து, நடக்கவில்லை என்று அவன் சத்தியம் செய்தபிறகும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டே உள்ளே போனார். அங்கே எத்தனை குகை என்று உங்களுக்குத் தெரியும். வழிகாட்டி ஒருவன் ஒட்டிக்கொண்டு, மலைச் சரிவில் நிற்கிற பெரிய உருண்டைக் கல்லைக் காட்டி “எப்ப வேணா உருண்டிடும் சார்” என்றான். அடி தட்டையாகப் பாறையில் இருக்கிறது, பாரமெல்லாம் நடுவில் இறங்குகிறது, உருளாது என்றேன். அவனுக்குக் கோபம் வந்து பாதியில் போய்விட்டான்.

ஐந்து தேரடியில் நீங்கள் ஏற்பாடு செய்த தற்செயல் நின்றது. பெண்ணின் தகப்பன் கிறகோரி ஐயா கோட்டுப் போட்டிருந்தார், தாய் மக்டலீன் அம்மா பட்டுச் சேலை, மகள் பியாட்றிஸ் தலை நிறையப் பூ. “அடடே, நீங்களா!” என்று அவர் பாடமாக்கி வந்ததைச் சொன்னார். பிறகு, “பையனும் பொண்ணும் கொஞ்ச நேரம் பேசட்டுமே” என்றார். அம்மா பதறிவிட்டார்.

“ஏன் பேசவேணும்? என்ரை பிள்ளை இன்னும் ஒரு பிழையும் செய்யேல்லையே!”

பேச்சு என்றால் நமக்கு ஏச்சு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? “பேசேல்லை அம்மா, கதைக்கச் சொல்லுகினம்” என்றேன். உடனே மக்டலீன் அம்மா, “கதையா? என்ன கதை, யாரைப் பத்தி?” என்று நிமிர்ந்தார். அப்போதே நான் திரும்பி பஸ்ஸுக்கு நடந்திருக்க வேண்டும்.

நடக்கவில்லை. பியாட்றிஸ் ஒரு தேரைக் காட்டி, “மேல இவ்வளவு நுணுக்கமா இருக்கு, கீழ மட்டும் ஏன் அரைகுறையா விட்டிருக்காங்க?” என்று கேட்டா. நான் வாயைத் திறக்கமுன், “இருங்க, நானே சொல்றேன். மேலேருந்து வெட்டிட்டு வந்திருக்காங்க. அப்பதான் நின்னு வெட்டக் கீழ கல்லு இருக்கும், சாரம் கட்ட வேணாம். சரியா?” மாமா, கொழும்பில் என்னோடு வேலை செய்த இரண்டு எஞ்சினியர்மாருக்கு இதைப் படம் கீறித்தான் காட்டவேண்டியிருந்திருக்கும். பத்து நிமிடம் கல்லைப் பற்றியே கதைத்தோம். டீசல் மணக்கிறது என்று அவ ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்தோம். “எங்க பொண்ணு எப்படி தம்பி?” என்று மக்டலீன் அம்மா கேட்டார். எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது. மனதில் இருந்ததைச் சொன்னேன்.

“உங்கடை பெட்டை அந்த மாதிரி!”

“எந்த மாதிரி?”

“அந்த மாதிரி எண்டால் அந்த மாதிரித்தான். பத்து நிமிசம் கதைச்சாலே தெரியுதே. ஊரிலை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே!”

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. “நானும் கண்ட உடனை நினைச்சனான்” என்றார்.

அதற்குப்பிறகு அவர்கள் அங்கே நிற்கவில்லை. எங்களுக்கென்று கொண்டுவந்த எலுமிச்சஞ்சாதமும் அவர்களோடே போய்விட்டது. நாங்கள் கடற்கரைக் கோயிலடியில் கச்சான் கடலை தின்றுகொண்டு, என்ன பிழை செய்தோம் என்று இருட்டும்வரை யோசித்தோம். இராமேஸ்வரத்தில் கப்பலுக்கு வரிசையில் நின்ற இரண்டு கரைத் தமிழும் தெரிந்த தொண்டி வியாபாரி ஒருவர்தான் விளங்கப்படுத்தினார். நாம் ஒன்றை மிகத் திறம் என்று சொல்ல ‘அந்த மாதிரி’ என்போம். அங்கே ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பதை மாமி வாசிக்கக்கூடிய கடிதத்தில் எழுத முடியாது. பெட்டை என்பதும் அங்கே கோழிக்கும் நாய்க்கும்தானாம். அந்த மனிசன் சிரித்த சிரிப்பில் வரிசை குழம்பி, நாங்கள் மூன்று பேருக்குப் பின்னால் போய்விட்டோம்.

இனிக் கேளுங்கள். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. புகழ்ந்ததற்கு எவனாவது மன்னிப்புக் கேட்பானா? ஒரு சொல்லை விளங்கப்படுத்தவே கடல் தாண்டி இவ்வளவு நீளக் கடிதம் தேவைப்படுகிறது என்றால், குடும்பம் நடத்த எத்தனை கொப்பி எழுதி நிரப்பவேண்டும்? கொழும்பு வேலையும் இப்போது இல்லை, இதுவும் இல்லை, இருந்துவிட்டுப் போகிறேன். விட்டுவிடுங்கள். அவவுக்கு மெட்ராஸ் தமிழ் தெரிந்த நல்ல மாப்பிள்ளை கிடைப்பான். கிடைத்துவிட்டானா என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதவும்.

மாமிக்கு அம்மாவின் அன்பு. நான் வணக்கம் சொன்னதாகவும் சொல்லவும். எல்லோரையும் அடைக்கலமாதா கைவிடாதிருப்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள மருமகன்,
கனிசியஸ்

பி.கு.: மேலே எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப்போன நேரம் பியாட்றிஸின் கடிதம் வந்தது. அவ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு எங்கடை ஊர் ரீச்சர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறாராம், அவரிடம் ‘அந்த மாதிரி’க்கு அர்த்தம் கேட்டறிந்தாவாம். “நீங்க சொன்னது நிஜம்தானா? எனக்குச் சம்மதம். உங்களுக்கு? ஒரே வார்த்தையில தந்தி அடிங்க” என்று எழுதியிருக்கிறா. செருப்பும் போடாமல் தபால் கந்தோருக்கு ஓடினேன். அவ கேட்டது ஒரே சொல், நான் அடித்ததும் ஒரே சொல்: ஓம்.

வீடு திரும்புகிற வழியில்தான் மூளை வேலை செய்தது. நமக்கு அது ஆம். அங்கே? சைவக் கோயிலெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன, சிலுவை போடுகிற வேதக்காரப் பொடியன் ‘ஓம்’ என்று தந்தி அடித்திருக்கிறான், அதை உடைத்து வாசிக்கப்போவது மக்டலீன் அம்மா. திரும்பி ஓடினால் கந்தோரைப் பூட்டிவிட்டார்கள், நாளை தொடங்கி ஹர்த்தால். தந்தி ஒரு நாளில் போகும். இந்தக் கடிதத்தைக் கையோடு கப்பலில் கொண்டுவருகிற ஜோர்ஜ் அண்ணை வந்துசேர நாலு நாள். எப்படிக் கணக்குப் பார்த்தாலும் மூன்று நாள் பிந்துகிறது. ஆகவே வயிறு எப்படி இருந்தாலும் உடனே எழும்பிப் போங்கள். பொடியன் மதம் மாறவில்லை என்று சொல்லவும். சம்மதம் என்றும் சொல்லவும். தயவுசெய்து உங்கள் சொல்லில் சொல்லவும்.