பவளம் சொன்ன 'ஓம்'

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்கட்கு,

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து இரகுநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழையும் அட்டையும் நல்ல சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறேன். முதலில் மூன்று பேர்தான் வந்தார்கள். பாடம் முடிந்ததும் உங்கள் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை வாசித்துக்காட்டத் தொடங்கினேன், இருபத்திரண்டு பேராகிவிட்டார்கள். கதாநாயகி பவளமும் கொழுந்து பறிப்பவள், வாயாடி. அவளைத் தங்கள் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டார்கள். அவளைப் பெண் கேட்டுத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்ற கட்டத்தில், நான் பத்திரிகை வாங்கும் லத்தீப் நானாவின் கடைக்கு அது வருவது நின்றுபோனது. வகுப்புக் கலைந்துவிடுமே என்ற பயத்தில், சனியன் பிடித்த நான், மிச்சக் கதையை நானே எழுதி, பழைய இதழுக்குள் ஒளித்துவைத்து வாசித்தேன்.

முதல் இரண்டு வாரமும் பவளத்தின் மனசை எழுதினேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வாளியோடு நின்று யோசித்தாள், யோசித்தாள், யோசித்துக்கொண்டே நின்றாள். வகுப்பில் முன்வரிசை வாங்கில் இருக்கும் பெரியாயி கேட்டாள்: "ஏங்க மாஸ்டர், அந்த வாளி இன்னும் ரொம்பலையா?" ரோசம் வந்துவிட்டது, ஐயா. மூன்றாம் வாரம் சிறுத்தை வந்தது, பஸ் பள்ளத்தில் விழுந்தது, தொலைந்துபோன இரட்டைச் சகோதரி பெரகலையிலிருந்து வந்து இறங்கினாள். "இம்புட்டு நடக்குது, நம்ம பவளம் வாயே தொறக்கலையே! தொண்டக்கட்டா அவளுக்கு?" என்றாள் பெரியாயி. சரி, பேச வைப்போம் என்று நாலாம் வாரம் கணக்கப்பிள்ளையைச் சம்மதம் கேட்க வைத்தேன். பவளம் சொன்னாள்: "ஓம், எனக்குச் சம்மதம்."

அவ்வளவுதான். "ஓமா? நாம ஆமாங்கன்னுல்ல சொல்லுவோம்?" என்றாள் ஒருத்தி. "பவளம் எப்பங்க யாழ்ப்பாணம் போனா?" என்றாள் இன்னொருத்தி. பெரியாயி எழும்பி வந்து தாளைப் பார்த்தாள். அச்செழுத்துக்கும் என் கையெழுத்துக்கும் வித்தியாசம் தெரியுமளவுக்கு அவளுக்கு நானே படிப்பிச்சுத் துலைச்சிருக்கிறன்! போன ஞாயிறு ஒருத்தரும் வரேல்லை. வெறும் வாங்குகளைப் பார்த்துக்கொண்டு இருந்தனான், அழுகை வந்திட்டுது. தயவுசெய்து உண்மையான அத்தியாயங்களை உடனே அனுப்புங்கோ, ஐயா.

தங்கள் அச்சு இயந்திரமும் குடும்பமும் பழுதின்றி வாழ வேண்டும்,
இரகுநாதன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்கு முன்னரே லத்தீப் நானா வராமல் கிடந்த இதழ்களைக் கட்டாகக் கொண்டுவந்து தந்தார். லயத்துக்குப் போய்க் கெஞ்சி எல்லோரையும் கூட்டிவந்து, உண்மையான அத்தியாயத்தை வாசித்தேன். அதில் பவளம் ஒன்றும் பேசாமல் தலைகுனிந்து தாலிக்குக் கழுத்தை நீட்டுகிறாள். "மறுபடியும் புளுகா, மாஸ்டர்? இது எங்க பவளமே இல்ல!" என்று பெரியாயி சத்தம் போட்டாள். பக்கத்தைக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "அச்சடிச்சா மட்டும் உண்மையாயிருமா?" என்றாள். என் கையிலிருந்த வெண்கட்டியைப் பறித்துக்கொண்டு போய், அதுவரை தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுதாதவள், பலகையில் பவளத்தின் பதிலை எழுதினாள்: "மாட்டேங்க." இருபத்தொரு பேரும் கைதட்டினார்கள். ஆகவே அத்தியாயம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். நானும் எழுதப்போவதில்லை. பிழையாவது திருத்தலாமென்று பலகைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை, ஐயா.