ஒரு வீட்டில் மூன்று சிஸ்டம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நல்ல சுகத்தோடு இருக்கும் நேரம் பார்த்து இக்கடிதம் வந்து சேர வேண்டும் என்பது என் விருப்பம். நின்றுகொண்டு பிரித்திருந்தால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளவும். இங்கே நானும் என் மனைவியும் மகனும் தங்கள் மகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உடம்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் என்னால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எப்போதும் டைப் அடித்து அனுப்புகிறவன் இந்தத் தடவை கையால் கிறுக்கியிருக்கிறேனே என்று நினைப்பீர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், சம்பந்தி. நம் பிள்ளைகள் இருவரும் பிரிந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. காரணம் மாமியார் இல்லை. மாமனாரும் இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் வேலை வாங்குகிறதே, அதற்குப் பெயர்தான் அது. தாங்கள் கம்ப்யூட்டர் பக்கமே போகாத பாக்கியசாலி என்பதால் இந்த விளக்கம். அதில் பல வகை உண்டு. என் மகன் லினக்ஸ். தங்கள் மகள் மேக். நான் விண்டோஸ். என் மனைவிக்கு எது திறந்திருந்தாலும் ஒன்றுதான், சீட்டாட்டம் இருந்தால் போதும்.

இருவரும் வீட்டின் பின்னறையில் நடத்தும் தொழில் தங்களுக்குத் தெரியும். குறும்படங்களுக்குக் குரல் பதிந்து ஒலியைச் சரிசெய்வது தங்கள் மகள், அடியில் வசன எழுத்துப் போடுவது என் மகன். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவர் முழுக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே போனால் பீரோவுக்குள் நிற்பதுபோல இருக்கும். நான் அடிக்கடி போவேன். லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், ஒரே தளத்தில் நாள் முழுக்க இருக்க எனக்குப் பழக்கமில்லை. சென்ற மாதம், இருவருக்கும் பொதுவாக ஒரு பெரிய மெஷின் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. அன்று காலை நான் தற்செயலாக அந்தக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

“மேக் வாங்கிடலாம். திறந்தா வேலை நடக்கும்,” என்றாள் தங்கள் மகள்.

“அது மூடி வெச்ச பெட்டி. உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது. லினக்ஸ் போட்டா நமக்கு எப்படி வேணுமோ அப்படி மாத்திக்கலாம்,” என்றான் மகன்.

“நீ மாத்திக்கிட்டேதான் இருப்ப. போன வாரம் பூரா மெனு எந்தப் பக்கம் இருக்கணும்னு யோசிச்ச. எனக்கு மெனு எங்க இருந்தா என்ன, சத்தம் ஒழுங்கா வந்தா போதும்.”

“உன்னோடது நல்லா இல்லைன்னு சொல்லல. ஆனா அது சொல்றபடி நீ கேக்கணும். என்னோடது நான் சொல்றதைக் கேக்கும்.”

“கேக்குமா? நேத்து பிரிண்டர் விஷயத்துல கேட்டுச்சா?”

இந்த இடத்தில் நடுநிலையான ஒருவர் தேவைப்படுவதாக எனக்குத் தோன்றியது. உள்ளே போனேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்று ஆரம்பித்தேன். லிஃப்டில் ஏறுகிறவருக்குக் கயிறு எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டியதில்லை, மருமகள் கட்சி நியாயம். ஆனால் நடுவழியில் நின்றுவிட்டால் மேலே இருக்கும் இயந்திர அறைக்கு யாரிடமாவது சாவி இருக்க வேண்டும், மகன் கட்சியும் நியாயம். ஆகவே இருவருமே விட்டுக்கொடுத்து, ஊரெல்லாம் வைத்திருக்கும் விண்டோஸை வாங்கிவிடுங்கள் என்றேன். எனக்கு அதன்மேல் கண்மூடித்தனமான பாசம் எதுவும் இல்லை, சம்பந்தி. திரையின் இடது மூலையில் இருந்த அதன் ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்தபோது, ஏதோ லிஃப்டில் தரைத்தளப் பொத்தானை யாரோ பிடுங்கிக் கூரையில் ஒட்டியதுபோல எனக்குச் சோறு இறங்கவில்லை. மகன்தான் அதை மறுபடி மூலைக்கு நகர்த்திக் கொடுத்தான். இருந்தாலும் பழகிய இடத்தில் பழகிய பொருள் இருக்கிறது பாருங்கள், அந்த நிம்மதிக்கு ஈடு கிடையாது. இதையெல்லாம் விளக்கி, மூன்று கட்டடங்களின் லிஃப்டுகளை உதாரணமும் காட்டினேன். இருவரும் ஒரே சமயத்தில் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அதுதான் என்று பிற்பாடு நினைத்து வருந்தினேன்.

ஏனென்றால் அன்றோடு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்துப் பக்கத்து நாற்காலி, முழங்கை இடிக்கிற தூரம், ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. தங்கள் மகள் போனில் எதையோ தட்டுவாள், என் மகனுடைய போன் மேசையில் உறுமும், அவன் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பித் தட்டுவான். கல்யாணமானவர்கள் இப்படிக் குடும்பம் நடத்துவதை நான் எங்கும் பார்த்ததில்லை. ஏதாவது பிரச்சினையா என்று கதவைத் திறந்து கேட்டால், “ஒண்ணுமில்ல மாமா,” என்பாள் அவள். “ஒண்ணுமில்லப்பா,” என்பான் அவன். ஒன்றுமில்லை என்பதை இருவர் தனித்தனியாகச் சொன்னால் அது கண்டிப்பாக ஏதோ ஒன்று. சாப்பாட்டு மேசையில் நானே பேச்சை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். மேக்கின் நற்குணங்களை மகனிடமும் லினக்ஸின் நற்குணங்களை மருமகளிடமும் சொன்னேன். இருவரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். ஒருநாள் தங்கள் மகள் ஒரு துணிப்பையில் தன் கீபோர்டையும் சுருட்டிய கம்பளி ஒன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் வேவு பார்க்கிறவன் இல்லை. ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருவைத் தாண்டி, எதிர்ச் சாரியில் தையல்காரர் கடைக்கு மேலே இருக்கும் அறையைச் சாவி போட்டுத் திறந்தாள். சொந்தச் சாவி. சமையலறைக்கு ஓடி என் மனைவியிடம் சொன்னேன்.

“உன் மருமக தனியா ரூம் எடுத்திருக்கா.”

“தெரியும்,” என்றாள் அவள், காய் நறுக்கிக்கொண்டே.

“தெரிஞ்சுமா சும்மா இருக்க?”

“நீங்களும் கொஞ்சம் சும்மா இருந்து பாருங்களேன். உக்காருங்க முதல்ல.”

எப்படி உட்காருவது, சொல்லுங்கள். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து யோசித்தேன். கடைசியில் ஒரு வழி தட்டுப்பட்டது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் குடிவைக்கலாமாம். போடும்போது எது வேண்டும் என்று அது கேட்குமாம், நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம். யூடியூபில் ஒரு சிரித்த முகத்துப் பையன் சொன்னான். இதை என் கம்ப்யூட்டரில் நானே செய்துகாட்டி, விண்டோஸும் லினக்ஸும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருக்கின்றன பாருங்கள், உங்களால் முடியாதா என்று இருவரையும் நிற்கவைத்துக் கேட்பதாக என் திட்டம். மகனுடைய மேசையிலிருந்த லினக்ஸ் பென் டிரைவை எடுத்துவந்து செருகினேன். மருமகள் எதிர் அறையில் இருந்தாள், மகன் ஏதோ வாங்கக் கடைக்குப் போயிருந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நடுவில் அது ஒரு கேள்வி கேட்டது: டிஸ்கில் உள்ளதை அழித்துவிட்டு நிறுவவா? அழித்துவிட்டு என்ற சொல்லை நான் கவனிக்காமல் இல்லை, சம்பந்தி. புது லிஃப்ட் மாட்டுமுன் குழியில் கிடக்கும் குப்பையைக் கூட்டித் தள்ளுவோம், அதுபோல அதுவும் சுத்தபத்தமாக வேலையைத் தொடங்குகிறது என்று நினைத்து, மெச்சியபடி ‘ஆம்’ என்பதை அழுத்தினேன்.

முடிந்ததும் போட்டுப் பார்த்தேன். எது வேண்டும் என்று அது கேட்கவில்லை. நேராக லினக்ஸ் வந்து நின்றது. விண்டோஸ் இல்லை. நான் எழுதிவந்த என் லிஃப்ட் அனுபவங்கள் இல்லை. அது போகட்டும். கல்யாணப் படங்கள் இல்லை. தங்களுக்கு நினைவிருக்கும், படம் எடுத்தவர் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். பிள்ளைகளின் கல்யாணப் படங்களுக்கு மொத்த உலகத்திலும் இருந்த ஒரே இடம் என் கம்ப்யூட்டர். ‘பத்திரமா இருக்கட்டும், அப்பாகிட்ட இருந்தா தொலையாது’ என்று அவர்களே கொடுத்துவைத்தது. பிரிகிற நிலையில் இருப்பவர்களிடம் சேர்ந்திருந்த படம்கூட இல்லாமல் செய்துவிட்டேனே என்று அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டு பயந்துபோய் என் மனைவி இருவருக்கும் போன் செய்தாள்.

மகன் வந்து திரையைப் பார்த்தான். திட்டவில்லை. “இதுக்கு மேல எதையும் அழுத்தாதீங்கப்பா. கையை எடுங்க,” என்றான், அவ்வளவுதான். தங்கள் மகள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

“படமா?”

“எல்லாமே.”

“மேல வேற எதுவும் எழுதலையே?”

“சிஸ்டம் மட்டும்தான் எழுதியிருக்கு. கீழ இருக்கறதைச் சுரண்டி எடுத்துடலாம். பேரெல்லாம் போயிருக்கும், வெறும் நம்பரா வரும்.”

“நீ எடுத்துக் குடு. தேதி வெச்சு என்னோடதுல அடுக்கிடறேன்.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர்கள் வாய்விட்டுப் பேசுவதைக் கேட்டேன். அவனுடைய கறுப்புத் திரையில் எழுத்து மழையாக ஓடியது. அவளுடைய வெள்ளிநிறப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் படம் முளைத்தது. மாலைக்குள் பெரும்பாலானவை வந்துவிட்டன. ஒரு படத்தில் தாங்கள் முன்வரிசையில் கண்ணை மூடி, வாயைத் திறந்து ஆழ்ந்த தியானத்தில் இருக்கிறீர்கள். அதைப் பார்த்து இருவரும் தலையோடு தலை முட்டச் சிரித்தார்கள். மன்னிக்கவும், நானும் சிரித்தேன். என் லிஃப்ட் அனுபவங்களும் திரும்பிவந்தன, ஆனால் அத்தியாயங்கள் கலைந்து. ஓய்வு பெறுவது முதலிலும் வேலைக்குச் சேர்வது கடைசியிலும் வருகிறது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “இப்படியே விடுங்க, இப்பதான் ஆர்வமா இருக்கு,” என்றாள்.

சரி, ஒட்டிக்கொண்டார்கள் என்று நிம்மதியடைந்து, “அப்ப அந்த ரூமைத் திருப்பிக் குடுத்துடலாமா?” என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உடனே மகன், என் மெஷினில் லினக்ஸே இருக்கட்டும் என்றான். மருமகள், பாவம் மாமாவுக்கு மேக்தான் சரிப்படும் என்றாள். மறுபடி ஆரம்பமாகிவிட்டது. இன்று காலை அவள் பையில் இன்னொரு கம்பளியும் போய்விட்டது. புதிதாக வந்த சிஸ்டத்தில் தமிழ் எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை, இருக்கும் நிலையில் யாரையும் கேட்கவும் மனமில்லை. ஆகவேதான் இந்தக் கைக்கடிதம். தாங்கள் கிடைத்த வண்டியில் ஏறி வந்து, தங்கள் மகளிடம் தந்தை என்ற முறையில் பக்குவமாகப் பேசி, அந்த அறையை விடச்சொல்ல வேண்டும். என் மகனை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த சிஸ்டம் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகள் ஒரே கதவுக்குள் இருந்தால் போதும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்புகள். தங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், கூடவே நிம்மதியான ஆயுளும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: தங்கள் புது வீட்டு எண் நினைவில்லாததால், உறையில் எழுதித் தரச்சொல்லித் தங்கள் மகளிடம் கொடுத்தேன். உறை ஒட்டியிருக்கவில்லை. அவள் முழுவதையும் படித்துவிட்டு, என் எதிரே வந்து உட்கார்ந்து, “மாமா, கோவிச்சுக்காதீங்க,” என்றாள். அந்த அறை அவளுக்கு மட்டுமல்லவாம், இருவருக்கும் சேர்த்துத்தானாம். தொழிலை அங்கே மாற்றுகிறார்கள். சென்ற மூன்று படங்களிலும் பின்னணியில் யாரோ முனகிக்கொண்டு நடக்கும் சத்தம் வருகிறதென்று படக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். போனில் தட்டிப் பேசிக்கொண்டது கோபத்தால் அல்ல, வாயைத் திறந்தால் சமாதானம் செய்ய நான் வந்துவிடுகிறேனாம். சிஸ்டம் சண்டை அன்று நான் உள்ளே வருவதற்கு முன்பே பாதி தீர்ந்திருந்ததாம். அவரவருக்குப் பிடித்ததை அவரவர் வைத்துக்கொள்வது என்று முடிவாம். பொது மெஷினுக்கு வாடிக்கையாளர்கள் கேட்பதால் விண்டோஸே வாங்கிவிட்டார்களாம். இதை என்னிடம் சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது என்று மறைத்தார்களாம். என் மனைவிக்கு ஆதியோடந்தமாக எல்லாம் தெரியுமாம்.

எனவே மேலே எழுதியது எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். அவசரமாக வரவும் வேண்டாம். ஆனால் திங்கட்கிழமை காலையிலிருந்து இருவரும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். பின்னறையில் கட்டில் போடலாம், கம்பளிகள் போனதும் நல்ல வெளிச்சம் வரும். என் மெஷினுக்கு எந்த சிஸ்டம் சரி என்பதும் இன்னும் முடிவாகவில்லை, அதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். தாங்கள் வந்து ஒரு மாதம் தங்கினால் என்ன என்று என் மனைவியிடம் கேட்டேன். கேள்வியை நான் முடிப்பதற்குள், “இன்னிக்கே வரச் சொல்லுங்க,” என்றாள்.